'தவறான எண்ணம்' ஸ்பானிஷில்: கொன்செப்தோ எர்ரோனெயோவா, இதேயா எகிவொகாதாவா?

ஃப்ளூவுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்று சொல்லும் இரண்டு பக்கத் துண்டறிக்கை. ஹூஸ்டனில் ஒரு கிளினிக்குக்காக ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு மாற்றிக் கொடுத்தேன். முதல் வரியிலேயே 'மிஸ்கன்செப்ஷன்' வந்துவிட்டது. அகராதியில் முன்னால் நிற்பது 'கொன்செப்தோ எர்ரோனெயோ'. அதையே போட்டேன்.

அச்சுக்குப் போகும் முன் காத்திருப்பு அறையில் இருந்த ஒரு மெக்சிகோப் பாட்டியிடம் படித்துப் பார்க்கக் கொடுத்தேன். வரிக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டே வாய்விட்டுப் படித்தவர், 'எல் கொன்செப்தோ எர்ரோனெயோ தே கே...' என்ற இடத்தில் நின்றுவிட்டார். நிமிர்ந்து பார்த்து, "¿கொன்செப்தோ தே கே?" என்றார். 'எதைப் பற்றிய கருத்து?' என்று அர்த்தம். 'என்ற' என்று இணைப்பதற்காக நான் எழுதிய 'தே கே' அவர் வாயில் கேள்வியாகிவிட்டது.

அன்றிலிருந்து என் கட்சி 'இதேயா எகிவொகாதா'. மற்றச் சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

'மாலெந்தெந்திதோ' இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டால் வருவது. அண்ணன் தம்பி மனத்தாங்கலுக்குப் பொருந்தும், மருந்து பற்றிய நம்பிக்கைக்குப் பொருந்தாது. 'ஃபலாசியா' ஆங்கில ஃபேலசி போலவே ஒலிப்பதால் கை தானாக அதை எழுதப் போகும். தர்க்க வகுப்பில் சரி. ஆனால் ஸ்பானிய அரச அகாடமியின் அகராதி அதற்குத் தரும் பொருள், பிறருக்குக் கேடு செய்யச் சொல்லும் பொய், ஏமாற்று. பேரனுக்குக் காய்ச்சல் என்று மாத்திரை தேடும் பாட்டியை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. 'மித்தோ' தலைப்புக்கு நல்லது. 'மித்தோஸ் இ ரெயாலிதாதேஸ்', அதாவது கட்டுக்கதைகளும் உண்மைகளும், என்ற தலைப்பு ஸ்பானிஷ் சுகாதாரத் துண்டறிக்கைகளில் பழகிப்போன ஒன்று.

மிச்சம் இருப்பவை 'கொன்செப்தோ' (கருத்து), 'இதேயா' (எண்ணம்), 'கிரெயென்சியா' (நம்பிக்கை) மூன்றும்தான். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: பின்னால் வரும் முழு வாக்கியத்தை அந்தச் சொல் தாங்குமா?

தமிழில் இந்தச் சிக்கல் தெரியாது. 'ஆன்டிபயாடிக் ஃப்ளூவைக் குணப்படுத்தும் என்ற எண்ணம்' என்று வாக்கியத்தை முதலில் சொல்லிவிட்டு 'என்ற' போட்டு எண்ணத்தைக் கடைசியில் வைக்கிறோம். ஸ்பானிஷில் நேர் எதிர். பெயர்ச்சொல் முன்னால் நின்று, 'தே கே' வழியாகப் பின்னால் வரும் அத்தனையையும் இழுக்க வேண்டும். 'லா இதேயா தே கே' அன்றாடப் பேச்சில் வரும் தொடர் என்பதால், கேட்பவர் அடுத்து ஒரு வாக்கியம் வரும் என்று தயாராக இருக்கிறார். 'கொன்செப்தோ' அப்படி இல்லை. நேரம், நீதி, எண் என்று ஒரு பொருளைப் பற்றிய கருத்தைத்தான் அது எதிர்பார்க்கும். இயற்பியல் ஆசிரியர் மாணவர்களுக்கு விசை பற்றி இருக்கும் பிழையான கருத்துகளைப் பட்டியலிட்டால் 'கொன்செப்தோஸ் எர்ரோனெயோஸ்' அங்கே கச்சிதம். வாக்கியத்தைச் சுமக்கச் சொன்னால் முனகும்.

இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. 'என்று நினைக்கிறேன்' என்பதற்கு 'பியென்சோ கே' போதும்; அதை 'பியென்சோ தே கே' என்று, தேவையில்லாத இடத்தில் 'தே' சேர்ப்பது பிழை என்று ஸ்பானிஷ் ஆசிரியர்கள் கண்டிப்பார்கள். அந்தப் பயத்தில் வேண்டிய இடத்திலும் 'தே'யை வெட்டுகிறவர்கள் நிறைய. 'லா இதேயா தே கே' என்பதில் அது இருந்தே ஆக வேண்டும். மெய்ப்புத் திருத்துபவர் நீக்கினால் திரும்பப் போடுங்கள்.

'கிரெயென்சியா எர்ரோனெயா' வாக்கியத்தைத் தாங்கும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் 'கிரெயென்சியா' சாமி நம்பிக்கை, குடும்ப வழக்கம் வரைக்கும் போய்த் தொடுகிற சொல். மெக்சிகோவில் மருந்துச் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2010 ஆகஸ்டில்தான். அதற்கு முன்பு கடையில் கேட்டு வாங்கிப் பழகியவர்களின் நம்பிக்கையைப் பொய் என்று தொடங்கினால் காகிதத்தை மடித்துவிடுவார்கள். 'எகிவொகாதோ' அப்படிக் குத்தாது. போனில் எண் மாறிப் போனால் 'நூமெரோ எகிவொகாதோ' என்கிறார்கள். 'மே எகிவொகே', தப்புப் பண்ணிவிட்டேன் என்று குழந்தைகூடச் சொல்லும். தன்னைப் பற்றியே தயங்காமல் சொல்லிக்கொள்ளும் சொல் அது. 'எர்ரோனெயோ'வை நான் அலுவலகக் காகிதங்களுக்கு வெளியே அதிகம் கேட்டதில்லை.

டெலூஷன், அதாவது மனநோயில் வரும் அசைக்க முடியாத பொய் நம்பிக்கை, தனி விவகாரம். அதற்கு 'இலுசியோன்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஸ்பானிஷில் அது ஆசை, ஆவலான எதிர்பார்ப்பு என்ற பக்கம் சாய்ந்துவிடும். மனநலக் குறிப்பில் 'இதேயா தெலிரான்தே' என்பதே பத்திரம். 'தெலீரியோ' என்று எழுதினால் டெலிரியம் என்ற வேறொரு நிலையோடு (திடீரென வரும் மனக்குழப்பம்) குழம்ப வாய்ப்புண்டு.

நான் எழுதுவது பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த வாசகர்களுக்கு. அர்ஜென்டினாவுக்கோ ஸ்பெயினுக்கோ என்றால் அந்த ஊர்க்காரர் ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், என் தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாம் பக்கத்தில் இடம் நெருக்கடி. அங்கே பெயர்ச்சொல்லையே தூக்கிவிட்டு, 'முச்சா ஹென்தே கிரெயே கே...' என்று தொடங்கினேன்: நிறையப் பேர் ஆன்டிபயாடிக் ஃப்ளூவைக் குணப்படுத்தும் என்று நினைக்கிறார்கள், அது பாக்டீரியாவைத்தான் கொல்லும், ஃப்ளூ வைரஸால் வருவது. பாட்டி அதை நிற்காமல் படித்து முடித்தார்.