கேஸ் அல்ல, கிளட்ச்: பழைய கார் ஏசியோடு 4 ஆண்டுகள்

என் காருக்கு இப்போது 15 வயது. 4 ஆண்டுகளுக்கு முன் அதன் ஏசிக்கு ஒரு விசித்திரமான நோய் வந்தது. வண்டியை எடுத்ததும் ஜில்லென்று காற்று வரும். 20 நிமிடம் ஓடியதும் சூடாகிவிடும். அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் மறுபடி ஜில்லென்று வரும். பார்த்தவர்கள் எல்லோரும் சொன்ன ஒரே தீர்ப்பு, "கேஸ் குறைந்திருக்கிறது." நானும் தலையாட்டி, ஒரே கோடையில் இரண்டு முறை நிரப்பிக்கொண்டேன்.

ஏசி கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிந்துபோன கேஸ், வண்டி ஆறியதும் திரும்பி வந்துவிடுமா? இந்தச் சின்னக் கணக்கு எனக்கு உறைக்க ஒரு கோடை முழுக்கத் தேவைப்பட்டது. காற்றைக் குளிரவைக்கும் கூலிங் காயிலில் பனி கட்டினாலும் இப்படி ஆகலாம். ஆனால் அப்போது காற்றின் வேகமே குறையும். என் வண்டியில் வேகம் குறையவில்லை.

அடுத்த முறை காற்று சூடானதும் பானெட்டைத் திறந்து, கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரைப் பார்த்தேன். பெல்ட் ஓடும் கப்பி சுழல்கிறது; அதன் முன்னால் இருக்கும் கிளட்ச் தட்டு அசையாமல் நிற்கிறது. இந்தத் தட்டு காந்த இழுப்பால் கப்பியோடு ஒட்டினால்தான் கம்ப்ரசர் ஓடும். அந்த இழுப்பைத் தரும் கிளட்ச் காயிலுக்கு 12 வோல்ட் வந்துகொண்டுதான் இருந்தது. காயில் சூடேறினால் மின்தடை கூடி, காந்த இழுப்பு குறையும். தட்டு தேய்ந்து, கப்பிக்கும் அதற்கும் உள்ள இடைவெளியும் அகன்றிருந்தால் இழுக்கத் தெம்பிருக்காது. இன்ஜினை அணைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட 1 மி.மீ.; கையேட்டில் இருப்பதோ 0.3 முதல் 0.6 வரை. மெக்கானிக் நடு போல்ட்டைக் கழற்றி, இடைவெளியைக் கூட்டிக் குறைக்க உள்ளிருந்த ஷிம் என்ற மெல்லிய வளையம் ஒன்றை எடுத்துவிட்டுப் பூட்டினார். புதிதாக ஒரு பாகமும் வாங்கவில்லை. எடுத்ததுதான் வைத்தியம்!

பிறகு, கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் விசிறி நின்றுபோனது. ஓடும்போது குளிர்ச்சி, சிக்னலில் நின்றால் சூடு என்பதால் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது.

சென்ற ஆண்டுதான் உண்மையிலேயே கேஸ் கசிந்தது. குழாய் இணைப்பில் எண்ணெய்க் கறை, இறுகிப்போன ஓ-ரிங் (ரப்பர் வளையம்). அதோடு ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற 45 நிமிடம் வேக்யூம் பிடித்து, பானெட்டுக்கு அடியில் ஒட்டியுள்ள சீட்டில் இருக்கும் எடைப்படி ஆர்-134ஏ கேஸ் நிரப்பச் சொன்னேன். மீட்டர் முள்ளைப் பார்த்தே நிரப்பிவிடலாம் என்றார் கடைக்காரர். இன்ஜின் அணைந்திருக்கும்போது முள் காட்டுவது வெப்பநிலைக்கேற்ற அழுத்தத்தை. உள்ளே எத்தனை கிராம் இருக்கிறது என்பதை அல்ல. தராசு வரும்வரை காத்திருந்தேன்.

கழற்றிய ஷிம் இன்னும் டேஷ்போர்டுப் பெட்டியில் கிடக்கிறது. இந்தக் கோடையில் அளந்தபோது இடைவெளி 0.5 மி.மீ.