‘படி’ எந்தப் பெட்டிக்குள் போகும்? சொல் அட்டைத் தொகுப்பு ஒன்றின் மதிப்புரை

பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் பிள்ளைகள் விளையாட்டாகவே பிரித்தறிந்துகொள்வார்கள் என்ற உறுதிமொழியோடு வந்த சொல் அட்டைத் தொகுப்பு ஒன்றை இரண்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். ஆறு வயது நிறைந்த என் மகளும், விடுமுறைக்கு வந்திருந்த நான்கு வயதுத் தம்பி மகனும் இதை ஆடினார்கள். படத்தோடு கூடிய 96 அட்டைகள், அவற்றைப் பிரித்துப் போட இரண்டு சிறிய பெட்டிகள், விகுதிகள் அச்சிட்ட ஓர் இழுவைப் பட்டை, எட்டுப் பக்கக் கையேடு ஆகியவை இதில் உள்ளன. அட்டைகள் தடிமனானவை, எழுத்துகள் பெரியவை, முனைகள் கையைக் கிழிக்காதபடி வளைத்து வெட்டப்பட்டவை. செய்நேர்த்தியில் குறையில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பெயர்ச்சொல் அட்டைகளுக்குப் பச்சைக் கரையும் வினைச்சொல் அட்டைகளுக்குச் சிவப்புக் கரையும் போட்டு, பெட்டிகளுக்கும் அதே நிறங்களைப் பூசியிருக்கிறார்கள். முதல் நாள் என் மகள் 96 அட்டைகளையும் ஒரு பிழையும் இல்லாமல் பிரித்து முடித்தபோது எனக்கு உண்டான பெருமிதம், எழுத்துக்கூட்டவே தெரியாத தம்பி மகனும் ஏறக்குறைய அதே வேகத்தில் முடித்துவிட்டுக் கைதட்டியபோது கரைந்துபோனது. இருவரும் பிரித்தது நிறத்தை, சொல்லை அல்ல. மறுநாள் காகித ஒட்டுநாடாவை வெட்டிக் கரைகளை மறைத்த பிறகுதான் உண்மையான ஆட்டம் தொடங்கியது.

கரையை மறைத்ததும் படங்களின் சிக்கல் வெளிப்பட்டது. ‘ஓடு’ என்ற அட்டையில் ஒரு பையன் ஓடுகிறான். சிறியவனிடம் இது என்ன என்று கேட்டால், தயங்காமல் “பையன்” என்கிறான். அவன் மீது தவறில்லை; அசையாத படத்தில் ஆள்தான் கண்ணுக்குத் தெரிவான், ஓட்டத்தை நாமாக ஊகித்துக்கொள்ள வேண்டும். 1957இல் ரோஜர் பிரவுன் என்ற உளவியலறிஞர், கைகள் ஏதோ ஒன்றைப் பிசைவது போன்ற படத்தைப் பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளிடம் காட்டி, பொருளற்ற ஒரு புதுச்சொல்லை ஒருமுறை வினை வடிவிலும் ஒருமுறை பெயர் வடிவிலும் சொல்லிப் பார்த்தார். வினையாகச் சொன்னபோது பிள்ளைகள் பெரும்பாலும் அந்தச் செயலையும், பெயராகச் சொன்னபோது பொருளையும் சுட்டினார்கள். படம் மாறவில்லை, சொல்லின் வடிவமே அவர்களுக்கு வழிகாட்டியது. இத்தொகுப்பைச் செய்தவர்களோ முழுப் பாரத்தையும் படத்தின் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

கையேடு இன்னும் ஏமாற்றம் தருகிறது. ஆள், இடம், பொருள் ஆகியவற்றின் பெயர் பெயர்ச்சொல் என்றும், செயலைக் குறிப்பது வினைச்சொல் என்றும் இரண்டே வரிகளில் முடித்துவிட்டு, அந்த வரையறையை நம்பி ‘ஓட்டம்’, ‘சிரிப்பு’ ஆகிய இரண்டையும் சிவப்புக் கரையோடு அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டும் செயலைத்தான் குறிக்கின்றன, ஆனால் இரண்டும் தொழிற்பெயர்கள், அதாவது செயலுக்கு இட்ட பெயர்கள். வினை என்பது ‘ஐ’, ‘ஆல்’, ‘கு’ போன்ற வேற்றுமை உருபுகளை ஏற்காது, காலத்தோடு தோன்றும் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வடிவத்தைக் கொண்டே எல்லை வகுத்துவிட்டது. தமிழில் அட்டை அச்சிடுகிறவர்கள் அதைத் திரும்பிப் பார்க்காமல் விட்டது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. ‘நேற்று ஓடினாள், இன்று ஓடுகிறாள், நாளை ஓடுவாள்’ என்று சொல்லிவிட்டு, ‘ஓட்டம்’ என்ற சொல்லை அப்படி மாற்றிக் காட்டு என்று மகளிடம் கேட்டேன். இரண்டு முறை வாயசைத்துப் பார்த்துவிட்டு, அந்த அட்டையைத் தானே எடுத்து மறுபெட்டியில் போட்டாள்.

இத்தொகுப்பை வாங்கலாம் என்று நான் சொல்வதற்கு ஒரே காரணம், கையேட்டின் கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் குறிப்பிடப்படும் அந்த இழுவைப் பட்டை. அதன் ஒரு பக்கத்தில் ‘ஐ’, ‘ஆல்’, ‘கு’ என்றும் மறுபக்கத்தில் ‘கிறான்’, ‘கிறாள்’, ‘கிறது’ என்றும் இருக்கின்றன. அட்டையின் பக்கத்தில் வைத்து இழுத்தால் சொல்லோடு விகுதி சேரும். ‘மரம்’ அட்டையோடு ‘ஐ’ சேரும்போது ‘மரம்ஐ’ என்றுதான் தெரிகிறது. இதை முதலில் வடிவமைப்புக் குறையாகவே குறித்து வைத்திருந்தேன். ஆனால் மகள் அதைப் பார்த்துச் சிரித்து, “மரத்தை” என்று திருத்தினாள். ‘வாகிறாள்’ என்று வந்ததை “வருகிறாள்” என்றாள். சாரியை, விகாரம் என்ற பெயர்களெல்லாம் அவளுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய வயதும் இல்லை. பேசிப் பழகிய வாய் தானாகத் திருத்துகிறது. வாய்க்குள் எந்தத் திருத்தமும் அகப்படாதபோது, சொல் இந்தப் பக்கத்தைச் சேர்ந்ததில்லை என்று அவளே முடிவு செய்கிறாள்.

தம்பி மகனுக்கு இது எட்டவில்லை. பட்டையை அவன் ரயிலாக ஓட்டினான். தமிழில் வினையடியே ஏவலாகவும் நிற்பதால், அட்டையை நான் வாசித்ததும் செய்து காட்ட முடிந்தால் அது வினை என்று அவனுக்காக ஓர் ஆட்டம் வகுத்தேன். ‘குதி’, ‘நில்’ எல்லாம் நன்றாகவே போயின. ‘மரம்’ என்றதும் கைகளை விரித்து அசையாமல் நின்றுவிட்டான். ஐந்து வயதுக்கு மேல் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் பொருத்தமாக இருக்கும். மூன்று வயது முதல் என்று இருக்கிறது.

இரண்டு பெட்டிக்கும் உரிய சொற்களைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. ‘படி’ அட்டையில் ஒரு சிறுமி புத்தகம் வாசிக்கிறாள். “மாடிப்படியும் படிதானே?” என்று கேட்ட மகள், பட்டையை இரு பக்கமும் வைத்துப் பார்த்தாள், ‘படியை’ என்பதும் ‘படிக்கிறாள்’ என்பதும் சரியாகவே வந்தன. ‘ஓடு’ என்ற அட்டையில் ‘ஐ’ சேர்த்து, “ஓட்டை” என்று சொல்லிவிட்டு, ஓட்டில் ஓட்டை என்று அன்று மாலை முழுவதும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தகைய சொற்களுக்காகத் தொகுப்பின் மூடியை மூன்றாவது பெட்டியாக வைத்துக்கொண்டோம். ‘காய்’, ‘விதை’, ‘அடி’, ‘கட்டு’ என வெற்று அட்டைகளில் அவளே எழுதிப் போட்டு வருகிறாள். நேற்றுச் சேர்ந்தது ‘பூட்டு’.