ஜப்பான்ல யூக்கிஹிரா சட்டி ஆன்லைன்ல வாங்கப் போறீங்களா? முதல்ல எடை எவ்வளவுன்னு கேளுங்க

ஜப்பான்ல இருக்குற நம்ம ஆளுங்க, முக்கியமா புதுசா வந்து வீடு செட் பண்றவங்க, இதைக் கொஞ்சம் பொறுமையா முழுசா படிச்சிருங்க. யூக்கிஹிரா நாபேன்னு ஒரு அலுமினியச் சட்டி இருக்குல்ல, இங்க யார் வீட்டு கிச்சனுக்குப் போனாலும் ஒண்ணு தொங்கும், உடம்பு பூரா சுத்தியல் பட்ட குழி, ஒத்தை மரக் கைப்பிடி, ரெண்டு பக்கமும் ஊத்துறதுக்கு மூக்கு, மூடி கிடையாது, அதைத்தான் சொல்றேன். 18 செமீ சைஸ், 3 மிமீ கனம், ட்சுபாமேங்குற ஊர்க் கைவினைஞர் கையால தட்டினது, கேஸ், ஐஎச் (இண்டக்ஷன்) எல்லா அடுப்புக்கும் ஓகேன்னு ஒரு ஆன்லைன் கடை போட்டிருந்தான், 9,800 யென் கொடுத்து வாங்கினேன். வந்தது அதுல எதுவுமே இல்ல.

பெட்டியைப் பிரிச்சு கையில எடுத்த உடனேயே சந்தேகம் வந்துருச்சு, விரலால ஓரத்தை அமுக்குனா லேசா வளையுது. கடைக்கு மெயில் போட்டேன். வந்த பதில் என்னன்னா, "யூக்கிஹிரா என்பது பாரம்பரியமாகவே எடை குறைந்த பாத்திரம், லேசாக இருப்பதுதான் அதன் தரம்". ரொம்ப மரியாதையா, மன்னிப்பு எல்லாம் கேட்டு எழுதியிருந்தாங்க. இந்தப் பதில்தான் எனக்கு அதிகமா கோவத்தைக் கிளப்புச்சு, ஏன்னா பாதி உண்மையை வச்சு முழுப் பொய்யை மூடுறாங்க. அலுமினியம் லேசுதான், ஒரு கன செமீக்கு 2.7 கிராம், எவர்சில்வர் எட்டு கிராம் கிட்ட வரும். அதனால நல்ல கனமான தகடுல செஞ்சாலும் ஒத்தைக் கையில தூக்கி ஊத்தலாம், அதுதான் இந்தச் சட்டியோட அருமையே. தகட்டையே பாதியாக் குறைச்சுட்டு அதையும் லேசுன்னு விக்கிறது வேற விஷயம்.

வீட்ல கிச்சன் தராசு இருக்கா, இதைப் பண்ணிப் பாருங்க. 18 செமீ வாய், ஏழரை செமீ ஆழம்னா, அடியும் சுவரும் சேர்த்து சுமாரா 680 சதுர செமீ தகடு. 3 மிமீ கனம்னா 200 கன செமீக்குக் கொஞ்சம் மேல போகும், அதை 2.7ஆல பெருக்குனா சட்டி மட்டுமே 550 கிராம் கிட்ட இருக்கணும், கைப்பிடியோட 600ஐத் தாண்டும். எனக்கு வந்தது கைப்பிடியோட 310 கிராம். கைப்பிடிக்கு ஒரு 70 கிராம் கழிச்சுட்டு திருப்பிக் கணக்குப் போட்டா தகடு 1.3 மிமீ தான் வருது. தராசுல வச்சு நம்பர் தெரியுற மாதிரி போட்டோ எடுத்து அனுப்புனேன், அதுக்கப்புறம் அந்த "பாரம்பரியம்" பேச்சு நின்னு போச்சு.

கனம் குறைஞ்சா என்ன, தண்ணி சீக்கிரம் கொதிக்குமேன்னு கேப்பீங்க. கொதிக்கும், அதை இல்லைன்னு சொல்லல. நூடுல்ஸ் வேக வைக்க, முட்டை அவிக்க மட்டும்னா ஹோம் சென்டர்ல 1,500 யென்னுக்குக் கிடைக்குற மெல்லிசு சட்டியே போதும், அவங்க மெல்லிசுன்னு சொல்லித்தான் விக்கிறாங்க, அதுல தப்பே இல்ல. ஆனா இந்தச் சட்டியோட உண்மையான வேலை நிமோனோ, அதாவது காயையோ மீனையோ சாறுல சுண்ட வேக வைக்குறது. பூசணி, டைகோன் முள்ளங்கி, மீனுன்னு டாஷிங்குற ஜப்பான் சூப் தண்ணியில சோயா சாஸ், மிரின்ங்குற இனிப்பு அரிசி ஒயின், சர்க்கரை போட்டு, சட்டி வாயை விடச் சின்னதா இருக்குற ஓட்டோஷிபுட்டா மரத்தட்டை நேரா காய் மேலயே படுற மாதிரி வச்சு, சாறு சுண்டுற வரைக்கும் விடணும். மூடி இல்லாம விக்கிறதும் அதனாலதான். அலுமினியம் எவர்சில்வரை விடப் பத்து மடங்குக்கு மேல சூட்டைக் கடத்தும், ஆனா அந்தச் சூடு பக்கவாட்டுல பரவ தகடு கனமா இருக்கணும், மெல்லிசுன்னா தீ நேரா படுற இடம் மட்டும் தனியா காயும். சர்க்கரையும் சோயாவும் சேர்ந்தது கேக்கவே வேணாம், பர்னர் வட்டத்துக்கு அப்படியே ஒரு கருப்பு வளையம், பூசணி அடிப்பிடிச்சுப் போச்சு, மேல இருக்குற துண்டு இன்னும் வேகல. கொஞ்ச நாள்லயே அடி உப்பிக்கிட்டு கேஸ் ஸ்டாண்டுல ஆட ஆரம்பிச்சுது, சுடுசாறு இருக்குற சட்டி ஆடுறது எவ்ளோ ஆபத்துன்னு குழந்தைங்க இருக்குற வீட்ல சொல்ல வேண்டியதில்ல.

அந்தக் குழிகளைப் பத்தியும் சொல்லணும், ஏமாத்துறதுக்கு அதைத்தான் முன்னாடி காட்டுறாங்க. சுத்தியலால தட்டுறது அழகுக்கு மட்டும் இல்ல, தட்டத் தட்ட அலுமினியம் இறுகி உறுதியாகும், அதனாலதான் நல்ல சட்டி அவ்ளோ சுலபமா நெளியாது. வெறும் அச்சுல அமுக்குன டிசைனுக்கு அந்த உறுதி வராது. என் சட்டியை வெளிச்சத்துல திருப்பிப் பார்த்தா வால்பேப்பர் மாதிரி ஒரே குழி அதே இடைவெளியில திரும்பத் திரும்ப வருது. ஒசாகா பக்கத்துல யாஓங்குற ஊர்ல இன்னும் கையால தட்டிச் செய்றவங்க இருக்காங்க, நீகாட்டா மாநிலத்துல ட்சுபாமே உலோக வேலைக்குன்னே பேர் போன ஊர். அந்த ஊர்ப் பேரைத் தூக்கி ஒரு அச்சுச் சட்டி மேல ஒட்டி விக்கிறது, வருஷக்கணக்கா சுத்தியல் பிடிச்சுத் தொழில் கத்துக்கிட்டவங்களுக்குப் பண்ற துரோகம், எனக்குப் போன காசை விட இதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

கைப்பிடி இன்னொரு மோசம். நல்ல சட்டியில மரம் உலோகக் குழாய்க்குள்ள இறுக்கமா உக்காரும், ஒரு ஆணியோ ஸ்க்ரூவோ பிடிச்சிருக்கும், பல வருஷம் கழிச்சு மரம் கருகிப் போனா கைப்பிடி மட்டும் தனியா வாங்கி மாத்திக்கலாம். இதுல துளை பெருசு மரம் சின்னது, மீசோ சூப்பை ஊத்தச் சாய்க்குறப்போ கைப்பிடி நிக்குது, சட்டி மட்டும் சுத்துது. நல்லவேளை சிங்க்குக்கு மேல புடிச்சிருந்தேன், கையில படல.

ஐஎச் ஓகேன்னு போட்டிருந்தது சுத்தப் பொய். வெறும் அலுமினியம் சாதாரண ஐஎச் அடுப்புல சூடாகாது, ஐஎச்சுக்குன்னு வர்றதுக்கு அடியில காந்தம் பிடிக்குற இரும்புத் தகடு ஒட்டியிருக்கும். ஃப்ரிட்ஜ் காந்தத்தை எடுத்து அடியில வச்சுப் பாருங்க, ஒட்டலைன்னா ஓடாது.

ஒண்ணு நியாயமா சொல்லிடறேன், அலுமினியம் உள்ள கருக்குறதை வச்சு யாரும் கடையோட சண்டைக்குப் போகாதீங்க. தண்ணியில இருக்குற தாதுவால அது வரும், உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது. புதுசா வாங்குனதும் அரிசி களைஞ்ச தண்ணியை ஊத்திக் கொதிக்க வச்சா கருக்குறது குறையும், கருத்துட்டா எலுமிச்சைத் தோல் போட்டுக் கொதிக்க விடுங்க. சோடா உப்பு போட்டுத் தேய்க்காதீங்க, டிஷ்வாஷர்லயும் போடாதீங்க. ரசம், புளிக்குழம்பு எல்லாம் வச்சு ராத்திரி பூரா அதுலயே விடவும் கூடாது, புளிப்பும் உப்பும் அலுமினியத்தை அரிக்கும்.

இப்போ காசு விஷயம். முதல்ல கூப்பன் தரோம்னாங்க, வேணாம்னேன். அப்புறம் "உபயோகித்த பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை"ன்னாங்க. இங்க ஆன்லைன்ல வாங்குறதுக்கு கூலிங் ஆஃப் சட்டம் (வாங்கிட்டு மனசு மாறுனா சில நாளுக்குள்ள ரத்து பண்ற உரிமை) கிடையாது, நிறைய பேர் இருக்குன்னு நினைக்கிறாங்க. ஆனா விளம்பரத்துல பொய் போடுறது சட்டப்படி தப்பு. அது போக, 1962ல வந்த ஒரு சட்டத்துப்படி வீட்டுப் பாத்திரத்துல மெட்டீரியல், கொள்ளளவு, யார் பொறுப்புங்குற விவரத்தோட ஒரு லேபிள் இருக்கணும், வழக்கமா அடி எத்தனை மிமீன்னும் அதுல போட்டிருக்கும். என் பெட்டியில அந்த லேபிளே இல்ல. 188க்கு போன் பண்ணுனா நீங்க இருக்குற ஏரியா நுகர்வோர் மையத்துக்கு லைன் கொடுப்பாங்க. நான் பண்ணப்போ அங்க பேசுன மேடம் ரொம்ப பொறுமையாக் கேட்டாங்க, விளம்பரப் பக்கத்தோட ஸ்க்ரீன்ஷாட், பில், தராசு போட்டோ மூணையும் வச்சுக்கச் சொன்னாங்க. அவங்க கடைக்குப் பேசுன பிறகுதான் சட்டிக் காசு திரும்ப வந்துச்சு, அனுப்புற செலவு என் தலையில.

அடுத்தது நேர்ல போய்த்தான் வாங்குனேன், உஎனோவுக்கும் அசாகுசாவுக்கும் நடுவுல கப்பாபாஷி தெரு, பூரா சமையல் சாமான் கடைங்க. ஒசாகால இருக்குறவங்களுக்கு சென்னிச்சிமாயே டோகுயாசுஜி இருக்கு. கடைக்காரர் மூணு நாலு சட்டியை எடுத்துக் கொடுத்து, தண்ணி ரொப்பித் தூக்குற மாதிரி மணிக்கட்டைச் சாய்ச்சுப் பாருங்கன்னார், கைப்பிடியை முறுக்கியும் பாக்கச் சொன்னார்.

அந்த ஆன்லைன் கடை இன்னும் அதே போட்டோவைப் போட்டு வித்துக்கிட்டுத்தான் இருக்கு. "3 மிமீ"ங்குறதை மட்டும் தூக்கிட்டு "கனமான அடி"ன்னு மாத்தியிருக்காங்க, விலை 7,480 ஆயிருக்கு, எடை மட்டும் எங்கயும் போடல. எத்தனை கிராம்னு கேட்டு மெயில் போடுங்க, நம்பர் சொல்லாத கடையில வாங்காதீங்க. 20, 22 செமீ வாங்குறவங்க வாய் அளவும் ஆழமும் சொன்னா எவ்வளவு எடை இருக்கணும்னு நான் கணக்குப் போட்டுத் தரேன்.