பூண்டி அகழ்வைப்பகம்: கொசஸ்தலை ஆற்றங்கரையின் பழைய குடிகள்

திருவொற்றியூர், எண்ணூர், மணலி புதுநகர் பக்கம் பூண்டி ஏரி என்று சொன்னால் முதலில் வருவது பயம்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் போதும், "பூண்டியில எவ்ளோ தொறந்துட்டான்?" என்பதுதான் தெருவெல்லாம் பேச்சு. 2015-லும் 2021-லும் கொசஸ்தலை ஆறு மணலி புதுநகருக்குள் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். மற்ற மாதங்களில் பூண்டி என்றால் குடிதண்ணீர். அந்த ஏரிக்கு அருகிலேயே, அல்லிக்குழி மலையடிவாரத்துக் கிராமங்களில் கிடைத்த கல்லாயுதங்களை வைத்து 1985-லிருந்து தொல்லியல் துறையின் சின்ன அருங்காட்சியகம் ஒன்று நடக்கிறது. எங்கள் தெருவில் விசாரித்தவரை யாரும் போனதில்லை. போய் வந்துவிட்டேன். நீங்களும் போங்கள், முக்கியமாகப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள் என்று அழுத்திச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போகும் வழி எளிது. கும்மிடிப்பூண்டி தடத்தில் இருப்பவர்கள் பேசின் பிரிட்ஜில் இறங்கித் திருவள்ளூர் வண்டிக்கு மாறிக்கொள்ளலாம். வியாசர்பாடி, பெரம்பூர்க்காரர்களுக்கு நேர் வண்டி. திருவள்ளூரிலிருந்து ஊத்துக்கோட்டை பேருந்துகளில் பூண்டி வழியாகப் போவதைக் கேட்டு ஏறுங்கள். நாங்கள் அவசரப்பட்டு ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறினோம். அவர் "பூண்டிதானே" என்று அணைக்கட்டின் அந்தக் கோடியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். வெயிலில் திரும்பி நடந்தோம். ஏறும்போதே "மியூசியம்" என்று சொல்லிவிடுங்கள்.

எழும்பூர் அருங்காட்சியகத்தை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். செப்புத்திருமேனி, பெரிய சிற்பம், திமிங்கில எலும்பு எதுவும் இங்கே கிடையாது. இங்கே இருப்பது கல். அத்திரம்பாக்கம், குடியம், பரிகுளம் என்று சுற்றுவட்டாரத்தில் கிடைத்த கைக்கோடரிகள், பிளப்பான்கள், சுரண்டிகள், விரல் நகம் அளவே இருக்கும் நுண்கருவிகள். வேகமாக நடந்தால் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும் இடம்தான். என் மகளும் நாத்தனார் பையனும் அப்படித்தான் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, "எல்லாம் கல்லும்மா" என்றார்கள்.

எங்களுக்கு அதிர்ஷ்டம், மாமனார் கூட வந்திருந்தார். அவர் ஆயுசுக்கும் கல் கொத்தியவர். திருவொற்றியூரில் வீடு வீடாகப் போய் அம்மி, ஆட்டுக்கல் கொத்திக் கொடுத்திருக்கிறார். மிக்ஸி, கிரைண்டர் வந்தபிறகு கல்லறைக் கல்லில் பேர் வெட்டும் வேலைக்குப் போனார். ஒரு கைக்கோடரி முன்னால் நின்றவர் நகரவே இல்லை. பார்க்க வாதாங்கொட்டை மாதிரி, அடி அகன்று நுனி கூம்பி, ஒரு கை நிறைகிற அளவு. பழுப்பேறிய குவார்ட்சைட் என்ற கடினமான கல்.

"இங்க பாரும்மா, இவன் மொதல்ல பெரிய சில்லா பேத்திருக்கான். ஓரத்துக்கு வரும்போது அடிய சின்னதாக்கிட்டான்" என்றார்.

அவர் கையால் காட்டியபிறகுதான் எங்களுக்குக் கண் திறந்தது. கல்லின் நடுவில் அகலமான தழும்புகள். விளிம்பை நெருங்க நெருங்க அவை சிறுத்துக்கொண்டே போகின்றன. ஒவ்வொரு தழும்பும் அடி விழுந்த இடத்தில் லேசாகக் குழிந்து, அங்கிருந்து விரிகிறது. விளிம்பைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால், இந்தப் பக்கம் ஒரு அடி, கல்லைத் திருப்பி அந்தப் பக்கம் ஒரு அடி என்று மாறி மாறி விழுந்திருப்பது தெரிகிறது. தானாக உடைந்த கல்லில் இந்த ஒழுங்கு வராது. உளி கிடையாது, இரும்பு கிடையாது, கல்லைக் கொண்டு கல்லை அடித்த வேலை. "இந்தக் கல்லு லேசுல ஒடையாது. கோணம் தப்பினா வெரல்தான் போவும். இவனுக்கு ஒருத்தன் கத்துக் குடுத்திருக்கான்" என்றார் மாமா. பிள்ளைகள் இருவரும் கண்ணாடியில் மூக்கு ஒட்ட ஒவ்வொரு கல்லிலும் அடி விழுந்த இடத்தைத் தேட ஆரம்பித்தார்கள். அப்புறம் அவர்களைக் கிளப்புவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

உங்களோடு ஒரு கல்தச்சர் வரப்போவதில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். பக்கத்திலேயே இருக்கும் பிளப்பானையும் விட்டுவிடாதீர்கள். கைக்கோடரிக்கு நுனி கூர்மை, பிளப்பானுக்கு முனை அகலமாக, நேர்க்கோடாக இருக்கும். அந்த விளிம்பைத் தீட்டியதே இல்லை. பெரிய சில்லைப் பெயர்க்கும்போதே விளிம்பு அப்படி வரும்படி முன்கூட்டியே யோசித்து அடித்திருக்கிறார்கள். அடிப்பதற்கு முன்பே முடிந்த உருவம் அவர்கள் மனதில் இருந்திருக்கிறது. எனக்கு இந்த இடத்திலேயே கொடுத்த பயணச் செலவு கழிந்துவிட்டது.

வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் இன்னும் நன்றாக இருக்கும். 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் இருந்தார்கள் என்ற ஆராய்ச்சிக்கே அந்த ஒரு கல்தான் ஆரம்பம். அதே வருஷம் செப்டம்பரில் அவரும் சக அதிகாரி வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்துக்கு வந்தார்கள். கொசஸ்தலையில் சேரும் ஒரு ஓடைக்கரையில் ஆயுதங்கள் கொட்டிக் கிடந்தன. இந்த வகைக் கருவிகளுக்கு ஆராய்ச்சியாளர்கள் நம் ஊர்ப் பெயரையே வைத்து 'மதராசியக் கருவிகள்' என்று எழுதினார்கள்.

எத்தனை பழசு என்பது மட்டும் நூறு வருஷத்துக்கு மேல் புதிராகவே இருந்தது. 1999-லிருந்து தொல்லியலாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அத்திரம்பாக்கத்தில் பொறுமையாகத் தோண்டினார்கள். ஆழத்தில் இருந்த களிமண் அடுக்குகளில் மட்டும் 3,500க்கும் மேற்பட்ட கல் கருவிகளும் சில்லுகளும் கிடைத்தன. அவற்றின் வயதை 2011-ல் வெளியிட்டார்கள்: குறைந்தபட்சம் 10 லட்சம் ஆண்டு, சராசரிக் கணக்கில் சுமார் 15 லட்சம் ஆண்டு. வயதைக் கண்டுபிடித்த விதம் அழகானது. வெட்டவெளியில் கிடக்கும் கல் மீது விண்வெளிக் கதிர்கள் படும்போது அதற்குள் அலுமினியம் 26, பெரிலியம் 10 என்ற இரண்டு அணு வகைகள் உண்டாகின்றன. கல் ஆழமாக மண்ணுக்குள் போய்விட்டால் புதிதாக உண்டாவது நின்றுவிடும். இருப்பது மட்டும் ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாகச் சிதையும். மிச்சம் இருக்கும் விகிதத்தை அளந்தால் கல் எவ்வளவு காலமாக மூடிக் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த அணுக்களைச் சிதையவிட்ட மண் நம் ஆற்றங்கரை மண்.

2018-ல் இன்னொரு முடிவும் வந்தது. மேல் அடுக்குகளில், சுமார் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே, பெரிய கைக்கோடரியை விட்டுவிட்டுச் சின்னச் சின்னச் சில்லுக் கருவிகளுக்கு மாறியிருக்கிறார்கள். இந்தியாவில் இந்த மாற்றம் அவ்வளவு முன்னால் நடந்திருக்கும் என்று அதுவரை யாரும் நினைக்கவில்லை. காட்சிப் பெட்டிகளில் பெரிய கருவிகளையும் சின்னக் கருவிகளையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் லட்சக்கணக்கான வருஷங்கள் நிற்கின்றன.

ஆயுதத்தைச் செய்தவர்களின் எலும்பு ஒன்றுகூட இந்த அகழ்வில் கிடைக்கவில்லை. விலங்குகளின் பற்களும் காலடித் தடங்களும் கிடைத்திருக்கின்றன. "அப்ப அவங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு தெரியாதாம்மா?" என்று மகள் கேட்டாள். தெரியாது, கைவேலை மட்டும்தான் தெரியும் என்றேன்.

என் ஆசை ஒன்றே ஒன்று. கண்ணாடிக்கு வெளியே, புதிதாக உடைத்துச் செய்த மாதிரிக் கைக்கோடரி ஒன்றைப் பிள்ளைகள் கையில் பிடித்துப் பார்க்க வைக்கலாம். அது எப்படிப் பிடியில் உட்கார்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

குடியம் குகைக்கும் போகலாமா என்று பலர் கேட்பீர்கள். அல்லிக்குழி மலைக்காட்டுக்குள் நடக்க வேண்டும், நிழல் குறைவு. உள்ளூர் ஆள் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு விடிகாலையில் கிளம்பினால்தான் சரிப்படும். குகை என்றாலும் அது பெரிய பாறைக்கு அடியில் ஒதுங்கும் இடம். சுவர் முழுக்க உருண்டைக் கூழாங்கற்கள் பதிந்திருக்கும். ஆயுதத்துக்கான கச்சாப்பொருள் இந்த வகைப் பாறைகளில் இருந்துதான் கிடைத்தது என்பது பார்த்தவுடன் விளங்கும். 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்து பார்த்திருக்கிறது. வயதானவரையும் சின்னப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நாங்கள் போகவில்லை. கால் பலம் இருப்பவர்கள் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

அங்கே வயல்வரப்பில், ஓடையோரத்தில் கல்லாயுதம் கண்ணில் பட்டால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் அந்தக் கல்லிடம் கேட்க ஒன்றும் மிச்சமிருக்காது. பிள்ளைகளுக்கும் இதை முதலிலேயே சொல்லி வையுங்கள்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். நாங்கள் புளிசோறும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துப் போனோம். மாலையில் ஏரிக்கரைக்குப் போனால் 1944-ல் கட்டி முடித்த அணைக்கட்டைப் பார்க்கலாம். சென்னைக்கு மேயராக இருந்து இந்த ஏரிக்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயரால்தான் சத்தியமூர்த்தி சாகர் என்கிறார்கள். அங்கே பையனுக்குக் கொசஸ்தலை எந்தப் பக்கம் போகிறது என்று காட்டி, இதுதான் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வருகிறது என்றதும் அவன் நம்பவில்லை. போனில் வரைபடத்தைத் திறந்து ஆற்றைக் கீழே வரைக்கும் விரலால் இழுத்துப் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டான்.

வெயில் ஏறும் முன் போய்ச் சேரப் பாருங்கள். வார விடுமுறை என்றைக்கு என்று கிளம்புவதற்கு முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பொங்கல் கழிந்த வாரங்கள் இந்தப் பக்கம் போக நல்ல சமயம், ஏரியிலும் தண்ணீர் இருக்கும். எங்கள் தெருப் பிள்ளைகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு அப்போது மறுபடி போவதாக இருக்கிறேன். மாமாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.