குடிமைப் பொறுப்பு: வகுப்பில் படிப்பதா, களத்தில் பழகுவதா?

குடிமைப் பொறுப்பைப் பல்கலைக்கழகப் பாடமாக எடுப்பதா, அதைக் கற்க ஒரு சமூக அமைப்பில் பயிற்சிக்குப் போவதா என்று மாணவர்கள் பலர் தடுமாறுகிறார்கள்.

நேரம்
பாடம்: கால அட்டவணை முன்பே தெரியும்.
பயிற்சி: மாலையிலும் விடுமுறையிலும் வேலை இருக்கும்.

செலவு
பாடம்: படிப்புக் கட்டணத்தோடு முடிந்துவிடும்.
பயிற்சி: பல இடங்களில் ஊதியம் கிடையாது, பயணச் செலவும் நம்முடையது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு இது பெரிய தடை. உதவித்தொகை உண்டா என்று தயங்காமல் கேளுங்கள்.

கற்பது
பாடம்: அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் முன்வைத்த பங்கேற்பு ஏணியைப் பாருங்கள். பொது முடிவுகளில் மக்களுக்கு உண்மையில் எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதைப் படிப்படியாகக் காட்டுவது அது. மொத்தம் 8 படிகள். மக்களைக் கூட்டித் தலையாட்ட வைப்பது அடியில். முடிவெடுக்கும் அதிகாரம் மக்கள் கையிலேயே இருப்பது உச்சியில்.
பயிற்சி: ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நாற்காலி போட்டு, குறிப்பெடுத்து, யார் பேசினார்கள், யார் வாயே திறக்கவில்லை என்று கவனித்தால்தான் அது எந்தப் படியில் நிற்கிறது என்று புரியும். ஆனால் ஏணியே தெரியாமல் போனால் கூட்டம் நன்றாக நடந்தது என்று நினைத்துத் திரும்பிவிடுவோம்.

தவறினால்
பாடம்: மதிப்பெண் குறையும்.
பயிற்சி: உதாரணமாக, குழந்தைகளோடு வேலை செய்யும் அமைப்பு என்றால், வாரம்தோறும் நமக்காகக் காத்திருக்கும் ஒரு குழந்தை ஏமாந்து போகும். என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான வேறுபாடு.

சட்டம், கொள்கை, ஆய்வு என்று போக நினைப்பவர்கள் பாடத்தில் தொடங்கலாம். மக்களோடு வேலை செய்யப் போகிறவர்களுக்குப் பயிற்சிதான் சரி, அதுவும் ஒரு பருவம் முழுக்க. இரண்டையும் இணைக்கும் சேவைவழிக் கற்றல் உங்கள் துறையில் இருந்தால், முதலில் அதில் பெயர் கொடுங்கள்.