லோடருக்கென்றே செய்த வண்டியா, லோடர் மாட்டிய உழவு டிராக்டரா?

இரண்டு வகையையும் பல பருவங்கள் ஓட்டியவர்கள் குதிரைத்திறனை வைத்து ஒப்பிடமாட்டார்கள். தொழில்துறை லோடரில், அதாவது முன்னால் பக்கெட்டோடு மண் அள்ளவென்றே செய்த வண்டியில், இன்ஜினின் சக்தி பெரும்பாலும் பக்கெட்டை எண்ணெய் அழுத்தத்தால் தூக்கும் ஹைட்ராலிக் பம்புக்குப் போகிறது. உழவு டிராக்டரில் இழுவைக்கும், பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டான பிடிஓவுக்கும் போகிறது. ஒன்றின் வேலையை மற்றொன்றில் வாங்க முயலும்போதுதான் செலவு ஏறுகிறது.

எரு அள்ளுவது, மண் தள்ளுவது, குளக்கரை போடுவது என்றால் லோடர் வண்டிக்கு ஈடில்லை. டார்க் கன்வெர்ட்டரும் (இன்ஜினின் சக்தியை எண்ணெய் வழியாகக் கடத்துவது) ஷட்டிலும் (முன்பின் திசை மாற்றுவது) உள்ள வண்டியில் கிளட்ச் மிதிக்காமலே முன்னும் பின்னும் போகலாம். உழவு டிராக்டரில் அதே வேலையை நாள் முழுக்கச் செய்தால் கிளட்ச் தட்டு சீக்கிரம் தேய்ந்துவிடும்.

அதைவிடப் பெரிய அடி முன் அச்சுக்கு. பக்கெட்டில் 500 கிலோ இருந்தால் முன் அச்சில் 500 கிலோதான் கூடும் என்று நினைப்பது தவறு. பக்கெட்டின் பாரம் முன் அச்சுக்கு 1.5 மீட்டர் முன்னால், இரு அச்சுகளுக்கு இடையே 2 மீட்டர் என்று வைத்தால், முன் அச்சில் 875 கிலோ ஏறுகிறது, பின் அச்சில் 375 கிலோ குறைகிறது. முன்சக்கரம் திரும்பும் கிங்பின்னின் புஷ் (உள்ளுறை), முன் அச்சைத் தாங்கும் நடு பின் (இரும்பு ஆணி), முன்சக்கர பேரிங் எல்லாம் ஏன் முதலில் போகின்றன என்பது இதிலேயே தெரியும். பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 250 கிலோ எடையைத் தொங்கவிட்டால், பின்னால் இழந்த 375 கிலோ திரும்பிவிடும். முன்னாலும் 125 கிலோ குறையும். பின் டயரில் தண்ணீர் நிரப்பினால் பிடிப்பு கிடைக்கும், ஆனால் முன் அச்சின் பாரம் துளியும் குறையாது. லோடர் வைத்திருப்பவர்களில் பலர் கவனிக்காத இடம் இது.

டிராக்டரில் லோடரைத் தாங்கும் இரும்புச் சட்டம் பின் அச்சு வரை நீண்டிருக்க வேண்டும். கிளட்ச்சை மூடியிருக்கும் கூடான ஹவுசிங்கோடு நின்றுவிடும் சட்டம் மலிவு, ஆனால் உந்தித் தள்ளும் விசை முழுவதும் அந்த ஹவுசிங் போல்ட்டுகளில் விழும். அவை தளரும், பிறகு ஹவுசிங்கே விரிசல் விடும்.

லோடர் வண்டியை வயலில் இறக்கினால் குறை வேறு பக்கம். மெதுவாக, கனமாக இழுக்கும்போது டார்க் கன்வெர்ட்டர் வழுக்கி எண்ணெய் கொதிக்கும், டீசலும் வீணாகும். பல வண்டிகளில் பின்னால் குழி தோண்டும் கையான பேக்ஹோதான் இருக்கும். கலப்பை மாட்டும் மூன்று புள்ளி இணைப்பும், இழுவைக்கு ஏற்ப உழவு ஆழத்தைச் சரிசெய்யும் டிராஃப்ட் கன்ட்ரோலும் இருக்காது, பிடிஓவும் இருக்காது. ஹைட்ராலிக் மோட்டார் வைத்து ரோட்டவேட்டர் ஓட்டலாமே என்பார்கள். 40 குதிரைத்திறன் வேண்டுமானால் 200 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 90 லிட்டர் ஓட்டம் தேவை, அதுவும் இழப்பு போக. அந்த இழப்பு முழுவதும் சூடாகவே வரும். அந்தச் சூட்டை மணிக்கணக்காக இறக்கப் பெரிய கூலர் இல்லாமல் முடியாது.

எடையும் இடைஞ்சல். பேக்ஹோவோடு சேர்ந்த நடுத்தர வண்டி 7 டன் வரும். 45 குதிரைத்திறன் உழவு டிராக்டர் 2 டன் அளவே. ஈர மண் இறுகிவிடும், ஆழமில்லாத பட்டன் டயரில் சேறு அடைத்துக்கொள்ளும். பேக்ஹோவைக் கழற்றினால் எடை குறையும், ஆனால் முன் பக்கெட்டுக்கு எதிர் எடையும் அதோடு போய்விடும். சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தையும் பயிர் வரிசைக்கு ஏற்ப மாற்ற முடியாது.

ஒரே வண்டிதான் என்றால் உழவு டிராக்டரில் லோடர் மாட்டுவதே சரி. ஓடும் மணி நேரத்தில் பாதிக்கு மேல் பக்கெட் வேலையாக இருந்தால் மட்டும் லோடர் வண்டியைப் பார்க்கலாம்.

பழைய லோடர் வாங்கும்போது எண்ணெய் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டச் சொல்லுங்கள். குளிர்ந்த வண்டியில் ஷட்டிலின் குறை தெரியாது. சூடான பின் முன்பின் மாற்றும்போது இழுக்கத் தயங்கினாலோ, எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியில் தொட்ட எண்ணெய் கருகி வாடை அடித்தாலோ விட்டுவிடுங்கள். பக்கெட்டைத் தரையிலிருந்து சிறிது தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மூட்டுகளின் பின் ஆணியிலும் புஷ்ஷிலும் ஆட்டம் இருந்தால் 10 மணி நேரத்துக்கு ஒருமுறை அடிக்க வேண்டிய கிரீஸை யாரும் அடிக்கவில்லை. துளை முட்டை வடிவமாகியிருந்தால் புதுப் பின் போட்டும் பயனில்லை, கடைந்து புஷ் ஏற்ற வேண்டிவரும்.