தண்டையார்பேட்டை சிறுநீரகவியல் மருத்துவமனை: பொறுமையான ஆலோசனை

அப்பாவுக்குப் புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள சுரப்பி) புற்றுநோய் என்று பயாப்சியில் (திசுப் பரிசோதனையில்) தெரிந்ததும், அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்கும் முன் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டுவிடலாம் என்று இங்கே வந்தோம். அறிக்கையில் கிளீசன் மதிப்பெண் (புற்றுநோயின் தீவிரத்தைக் காட்டும் அளவு) 6, அதாவது தீவிரம் குறைந்த நிலை என்பதைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்ட மருத்துவர், அறுவை சிகிச்சையால் சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும், கதிர்வீச்சால் மலக்குடல் தொந்தரவும் வரக்கூடும் என்று படம் வரைந்து விளக்கி, பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனையோடு கண்காணித்து வருவதும் முறையான வழிதான் என்றார். பிரிட்டனின் புரோடெக்ட் ஆய்வில், பரவாத நிலையில் கண்டறியப்பட்டவர்களில் 15 ஆண்டுகளில் இந்நோயால் இறந்தவர்கள் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கண்காணிப்பு ஆகிய மூன்று வழிகளிலும் ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம்தானாம். “ஐயா, உங்களுக்கு எது முக்கியம்?” என்று அப்பாவிடமே கேட்டது எங்களுக்குப் பெரிய ஆறுதல். மாலையில் கூட்டம் அதிகம், லிஃப்ட் இல்லை. பயாப்சி அறிக்கையையும் எம்.ஆர்.ஐ. படத்தையும் மறக்காமல் கொண்டு செல்லுங்கள்.